“பிக்கப் மாற்றியது” என்று சொல்லி விற்கப்படும் கிற்றார்: கல்லடியில் நான் ஏமாந்த விதம்

பாவித்த எலக்ட்ரிக் கிற்றார் தேடுகிற மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கடைசிவரை வாசியுங்க. பதிவு கொஞ்சம் நீளம்தான். சுருக்கிச் சொன்னால் எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பது விளங்காமல் போய்விடும்.

மூன்று மாதத்துக்கு முதல் கல்லடியில் ஒரு வீட்டில் யமஹா பசிபிக்கா 112வி ஒன்று வாங்கினேன். 145,000 ரூபா. மாற்றம் ஒன்றும் செய்யாத அதே கிற்றாரை அந்த நாட்களில் 95,000, 100,000 என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேலதிகமாகக் கொடுத்த நாற்பத்தைந்தாயிரமும் பிக்கப்புக்காகத்தான். பிக்கப் என்பது தந்திக்குக் கீழே இருந்து அதன் அதிர்வை மின் சிக்னலாக்குகிற காந்தச் சாமான். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: “பிரிட்ஜில் ஒரிஜினல் சீமோர் டங்கன் ஜேபி, நடுவிலும் நெக்கிலும் எஸ்.எஸ்.எல்.-1. ஆறு வருடத்துக்கு முதல் போட்டது, அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.”

இந்தப் பெயர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரிட்ஜ் என்பது கிற்றாரின் உடம்பில் தந்தி ஏறி நிற்கிற இடம், நெக் என்பது கழுத்துப் பக்கம். சீமோர் டங்கன் என்பது 1976இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் தொடங்கின பிக்கப் கம்பனி. ஜேபி அவர்களுடைய ஹம்பக்கர்களில், அதாவது இரண்டு கொயில் (கம்பிச் சுருள்) உள்ள பிக்கப்களில், பெயர்போனது. எஸ்.எஸ்.எல்.-1 ஒரே கொயில் உள்ள சிங்கிள் கொயில் பிக்கப். ரொக் வாசிக்கிறவன் ஒருமுறையாவது ஆசைப்பட்டிருப்பான். புதிதாக வாங்கினால் அங்கேயே நூறு டொலருக்கு மேல். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட சாமானை நேரடியாக எடுப்பிக்கிற எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். ஆகவே மூன்று பிக்கப்பும் போட்டே வருகிற கிற்றார் என்றதும் மனம் அங்கேயே போய்விட்டது. சீட்டு எடுத்த காசு கையில் இருந்தது. தேவாலயத்துப் பாடகர் குழுவில் நாலு வருடமாக இரவல் கிற்றாரில் வாசிக்கிறவன் நான்.

விற்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்லாக் கதைத்தார். தேத்தண்ணி தந்தார். அந்தக் காலத்தில் கலியாண வீடுகளுக்கு பைலா வாசித்த கதையெல்லாம் சொன்னார். அம்ப்பில் கெயினை (சத்தத்தைக் கரகரக்க வைக்கிற குமிழை) முக்கால்வாசிக்கு ஏற்றி அவரே வாசித்தும் காட்டினார். அறை அதிர்ந்தது. நான் கெயினைக் குறைத்து கிளீனாகக் கேட்கக் கை நீட்டினபோது, “ஜேபி எண்டா இப்படித்தான் கேக்கணும் தம்பி” என்று மறித்துவிட்டார். அவ்வளவு கெயினில் எந்தப் பிக்கப்பும் பலமாகத்தான் கேட்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன்.

பிக்கப்புக்குக் கீழே பார்க்கலாமா என்று கேட்டேன்.

“திறந்தா உயரம் எல்லாம் குழம்பிடும் தம்பி. நானே அளந்து வச்சது. நம்பிக்கை இல்லாட்டி வேணாம், வேற ஆள் வாறார்.”

டோன் குமிழை இழுத்துப் பார்க்கப் போனேன். “அது கொஞ்சம் இறுக்கம், உடைச்சிடாதீங்க” என்றார். பிறகு உள்ளே போய்ச் சீமோர் டங்கன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இடப்பக்க மூலை கிழிந்த வெறும் பெட்டி. அதைக் கண்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கிற்றாரையும் பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு லட்சத்தை அங்கேயே நின்று வங்கிக் கணக்குக்குப் போட்டேன். மிச்சம் கையில் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு பூசையிலேயே பிழை தெரிந்தது. சுவிட்சை நடுப் பிக்கப்பும் நெக் பிக்கப்பும் சேர்ந்து கேட்கிற இடத்தில் வைத்தால் சத்தம் சூம்பிப்போய், பழைய ரேடியோவுக்குள்ளிருந்து யாரோ மூக்கால் பாடுகிற மாதிரி வந்தது. வீட்டுக்கு வந்து டோன் குமிழை இழுத்தேன். இறுக்கம் ஒன்றும் இல்லை, சுகமாக மேலே வந்தது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இந்தக் குமிழ்தான் முக்கியம், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஹம்பக்கருக்குள் இரண்டு கொயில் இருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்த முனையும் எதிரெதிராக இருப்பதால்தான் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 112வியில் டோன் குமிழை இழுத்தால் ஒரு கொயில் வெட்டப்பட்டு மற்றது மட்டும் வேலை செய்யும். சத்தம் மெலிந்து பளிச்சென்று வரும், கூடவே கொஞ்சம் இரைச்சலும் வரும். கம்பனியிலிருந்து வரும்போதே உள்ள வசதி அது. ஜேபியில் நாலு நிற வயரும் ஒரு வெறும் வயரும் இருக்கும். கறுப்பு சிக்னலுக்கு, பச்சையும் வெறும் வயரும் ஏர்த்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேரும். குமிழை இழுக்கும்போது அந்தச் சிவப்பு வெள்ளை மூட்டு ஏர்த்துக்குப் போகிறது, ஒரு கொயில் அடங்குகிறது. ஆகவே உண்மையான ஜேபியை ஒழுங்காகப் போட்டிருந்தால் என் குமிழ் வேலை செய்திருக்க வேணும்.

காத்தான்குடியில் அம்ப் திருத்துகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கிற்றாரைத் திறக்கவே இல்லை. கேபிளை ஜக்கில் செருகினார், மற்ற முனையில் மல்டிமீற்றரின் இரண்டு கம்பியையும் வைத்தார், மீற்றரை 20 கிலோ ஓமுக்குத் திருப்பினார்.

“வொலியூம முழுக்க ஏத்துங்க தம்பி. சுவிட்ச பிரிட்ஜ்ல வைங்க.”

8.0 என்று காட்டியது. ஜேபி என்றால் பதினாறைச் சுற்றி வர வேணும். வொலியூம் பொட் (குமிழுக்குக் கீழே உள்ள தடை) குறுக்கே நிற்பதால் சில நூறு ஓம் குறையும், வெக்கையில் கொஞ்சம் கூடும். பாதியாகாது. நான் கத்தப் போனேன். அவர் கையைக் காட்டினார்.

“எட்டு எண்டு காட்டினதுக்காகப் போலி எண்டு சொல்லேலா. ரெண்டு கொயில்ல ஒண்டு எங்கயாவது சோட் ஆகிக் கிடந்தாலும் பாதிதான் காட்டும். திறந்து பார்த்துத்தான் சொல்லணும்.”

அந்த நிதானத்துக்காகவே அவரிடம் எனக்கு மரியாதை கூடினது. தந்தியைத் தளர்த்தி, பிக்கார்ட் (பிக்கப்கள் பொருத்தியிருக்கிற முகப்புத் தகடு) ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்க்ரூத் தலைகள் கடிபட்டுத் தேய்ந்திருந்தன. ஒரு துளைக்குள் நெருப்புக் குச்சித் துண்டு அடைத்திருந்தது. ஆறு வருடம் திறக்காத கிற்றார்! கடற்கரையிலிருந்து எட்டி நடந்தால் வருகிற வீடு அது. உப்புக்காற்றில் பிரிட்ஜின் சின்ன ஸ்க்ரூ எல்லாம் துருவேறிச் சிவந்திருந்தது. பிக்கப்பைத் தாங்குகிற ஸ்க்ரூ மட்டும் நேற்று பக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரி மின்னியது. பொட்டின் முதுகில் சோல்டர் பழுப்புப் பிசினோடு மொத்தையாகக் கிடந்தது. நகத்தால் தொட்டேன், ஒட்டியது.

ஹம்பக்கரிலிருந்து வந்தது இரண்டே இரண்டு வயர். சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. வெட்டுவதற்கு மூட்டே இல்லாத பிக்கப், குமிழை இழுத்து என்ன பயன்? அடித்தகட்டில் ஒரு எழுத்தும் இல்லை. மேலே இருந்த பெயரைக் காக்கா நகத்தால் சுரண்டினார். மெல்லிய ஸ்டிக்கர், ஒரு மூலையில் கிளம்பி அப்படியே உரிந்து வந்தது.

சிங்கிள் கொயில் இரண்டும் 5.7, 5.6 காட்டின. எஸ்.எஸ்.எல்.-1 என்றால் ஆறரையைச் சுற்றி இருக்க வேணும். இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து வாதாட முடியாது. புரட்டிப் பார்த்தபோது வாதமே தேவைப்படவில்லை. அடியில் கறுத்த சாம்பல் நிறத்தில் செரமிக் காந்தப் பட்டை ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. எஸ்.எஸ்.எல்.-1இல் அப்படி ஒரு பட்டை கிடையாது. தந்திக்குக் கீழே தெரிகிற ஆறு கம்பியும் தாமே அல்னிக்கோ என்கிற உலோகக் காந்தம். என்னை இன்றைக்கும் வருத்துவது இதுதான்: அந்த ஆறு கம்பியும் உண்மையானதில் ஒரே உயரத்தில் நிற்காது, படிபடியாக ஏறி இறங்கும். என்னுடையதில் ஆறும் ஒரே மட்டம். திறக்காமலே, அந்த வீட்டுக் கதிரையில் இருந்தபடியே கண்ணால் கண்டிருக்கலாம்.

ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேணாம். செரமிக் என்றால் கூடாத சாமான் என்று நான் சொல்லவில்லை. டிமார்சியோ என்கிற பிக்கப் கம்பனியின் சூப்பர் டிஸ்டோர்ஷன் செரமிக்தான், எழுபதுகளிலிருந்து எத்தனையோ பேர் விரும்பி வாசிக்கிற பிக்கப். பிழை பெயரை மாற்றி விற்றதில். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருக்கிறது. 112வி கம்பனியிலிருந்து வரும்போது அதில் அல்னிக்கோ 5 பிக்கப்கள் இருக்கும். அவை மோசமான பிக்கப்கள் இல்லை. அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டு மலிவுச் சாமானைப் போட்டிருக்கிறார். மாற்றாத கிற்றாரைவிடக் குறைந்த ஒரு கிற்றாரை நான் நாற்பத்தைந்தாயிரம் கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். பிக்கப் மாற்றின கிற்றார் பார்க்கப் போனால், “கழட்டின பழைய பிக்கப் எங்க?” என்று முதலில் கேளுங்க. மனமாரப் பணம் செலவழித்து மாற்றினவன் பழையதை எங்கேயாவது ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பான், கூடவே தருவான். இந்த ஆளிடம் நான் அதைக் கேட்கவில்லை.

நெக்கும் நடுவும் சேரும்போது சத்தம் சூம்பியதற்குக் காரணம் ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டியிருந்தது. ஒன்று தள்ள மற்றது இழுக்க, அடித்தொனி முழுக்க அழிந்துபோகிறது. காக்கா பத்து நிமிடத்தில் மாற்றி ஒட்டித் தந்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

விற்றவருக்கு அன்றிரவே கோல் எடுத்தேன். “நான் வாங்கினதே அப்படித்தான்” என்றார். “நானே போட்டது எண்டு சொன்னீங்களே அண்ணா” என்றேன். பாவித்த சாமானைத் திருப்பி எடுக்கிற பழக்கம் இல்லை என்றார். உரிந்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பினேன், நம்பரை புளொக் பண்ணிவிட்டார். ஒரு கிழமை கழித்து நேரே போனேன். கேற்றுக்கு வெளியே நிற்க வைத்து, “பத்தாயிரம் தாறன், இதோட விடுங்க” என்றார். நான் வாங்கவில்லை. வாங்கினால் கதை முடிந்தது என்று ஆகிவிடும்.

விளம்பரத்தை அவர் அன்றைக்கே அழித்துவிட்டார். நான் அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைக்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முதல்நாள் அவர் வட்ஸ்அப்பில் அனுப்பின குரல்பதிவு என்னிடம் இருக்கிறது: “ஒரிஜினல் டங்கன் தம்பி, என்ட கையால போட்டது.” வங்கிக்குப் போட்ட ஒரு லட்சத்தின் சிட்டையும் இருக்கிறது. கையில் கொடுத்த நாற்பத்தைந்துக்கு ஒரு துண்டும் இல்லை. இவற்றை வைத்து மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், தவணை தந்திருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகிற சபைகள் இவை. இப்படிப்பட்ட பிணக்குக்கு லோயர் பிடித்துச் செலவழிக்கத் தேவையில்லை. கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

அந்தப் பெட்டியின் கதையையும் சொல்லவேணும். அன்றைக்கு எடுத்த படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சிட்டையில் எஸ்.எச்.-1என் என்று இருந்தது. அது நெக்குக்குப் போடுகிற ஹம்பக்கர். என்னுடைய கிற்றாரின் நெக்கில் இருப்பது சிங்கிள் கொயில். அந்தப் பெட்டிக்கும் இந்தக் கிற்றாருக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பு இருந்ததில்லை.

இதை இன்றைக்கே எழுத வந்ததற்குக் காரணம், நேற்று இரவு எங்கள் பக்கத்தில் இன்னொரு விளம்பரம் வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு நம்பர், இந்த முறை கறுப்பு ஐபனெஸ் கிற்றார். “ஒரிஜினல் சீமோர் டங்கன், ஆறு வருடத்துக்கு முதல் போட்டது, திறக்கவே இல்லை.” படத்தில் கிற்றாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, இடப்பக்க மூலை கிழிந்திருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் காசு போடுவதற்கு முதல் எனக்கு எழுதுங்க. மீற்றரையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு நான் கூட வருகிறேன்.