கூஸ் வாத்து முட்டையிடுகிறதா, நிறுத்திவிட்டதா: கூட்டை நம்புவதா, கையை நம்புவதா?

கூடு காலியாக இருந்தாலே முட்டை நின்றுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூஸ் வாத்து விஷயத்தில் அது சரிவராது. இது கோழி மாதிரி தினமும் இடுகிற பறவை இல்லை, பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இடும். அதுவும் இட்ட முட்டையை வைக்கோலுக்கடியில் மூடி வைத்துவிட்டு மேயப் போய்விடும். அதனால் கூட்டைப் பார்ப்பது என்றால் எட்டிப் பார்ப்பதில்லை, கையை விட்டு வைக்கோலைத் துழாவிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தாலும், இரண்டு மூன்று பெட்டைகள் ஒரே கூட்டில் இட்டால் எது இட்டது, எது நிறுத்தியது என்று கூடு சொல்லாது.

அங்கேதான் கை ஜெயிக்கிறது. எச்சத்துவாரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கூர்மையாக ஒரு எலும்பு தட்டுப்படும். முட்டையிடும் பெட்டைக்கு அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும், துவாரமும் அகலமாக ஈரமாக இருக்கும். நிறுத்திய பெட்டைக்கு எலும்புகள் நெருங்கிவிடும், ஒரு விரல் நுழைவதே கஷ்டம், துவாரம் சுருங்கி வறண்டிருக்கும். பறவைக்குப் பறவை அளவு மாறும் என்பதால், ஒரே பெட்டையை வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்து முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிடுவதுதான் நல்லது. ஒன்று மட்டும்: காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துப் பிடியுங்கள், வயிற்றை அழுத்தவே வேண்டாம், உள்ளே முட்டை இருந்தால் உடைந்துவிடும்.

வயிறு தொங்குவதை வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதான பெட்டைக்கும், துலூஸ் போன்ற கனத்த இனத்துக்கும் பருவம் இல்லாதபோதும் வயிறு தொங்கத்தான் செய்யும்.

நடத்தை வேறு கதை. தொடங்கப் போகிறது என்பதை அது ஓரளவுக்குத்தான் காட்டும்: பகல் நீளத் தொடங்கும் காலத்தில் இணை சேர்வது கூடும், பெட்டை வைக்கோலை அலகால் இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும். ஆனால் நிறுத்தப் போவதை நடத்தை போலத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. நெஞ்சிலிருந்து மென்தூவியைப் பிடுங்கிக் கூட்டில் பரப்பி, எழுந்திருக்காமல் உட்கார்ந்து, கிட்டே போனால் சீறினால் அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது, இனி முட்டை வராது. குஞ்சு வேண்டுமென்றால் அப்படியே விட்டுவிடலாம், சுமார் 30 நாளில் பொரிக்கும். முட்டைதான் வேண்டும் என்றால் அடை தொடங்கும்வரை காத்திருக்காமல் முன்பிருந்தே அன்றாடம் எடுத்துவர வேண்டும், அப்போது இன்னும் கொஞ்ச காலம் இடும். அப்புறம் பருவம் முடிந்து இறக்கையின் பெரிய இறகுகள் ஒன்றாக உதிர்ந்தால் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை.

நான் சொல்வது இதுதான்: மந்தை இட ஆரம்பித்துவிட்டதா என்று அறியக் கூடு போதும், அடையை அறியக் கண் போதும், ஆனால் ஒரு குறிப்பிட்ட பெட்டையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எலும்பு விரிந்தே இருக்கிறது, கூட்டில் மட்டும் ஒன்றுமில்லை என்றால் அது வேறெங்கோ இட்டுக்கொண்டிருக்கிறது, காலையில் பின்னாலேயே போய்த் தேடுங்கள்.