டைமண்ட் கோரிங் மெஷின்: பல வருஷம் சுவத்துல ஓட்டுனதுக்கு அப்புறம் சொல்றேன்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் பைப்பு வேலை, ஏர்கான் மாட்டுற வேலை, வீட்டு பின்னாடி குசினி எடுத்துக் கட்டுற வேலைன்னு செய்ற பசங்க அதிகமா கேக்குறது, "அண்ணே, கோரிங் மெஷின் எத்தன வாட்டு வாங்கலாம்?" சுவத்துல பைப்பு போற வட்ட ஓட்டை போடுற மெஷின் அது, முன்னாடி மாட்டுற டைமண்ட் பல்லு வச்ச குழாயத்தான் பிட்டுன்னு சொல்றோம். நான் திருப்பி கேக்குறது எந்த சுவத்துல போடப் போறீங்கன்னு. வாட்டு அப்புறம் பாத்துக்கலாம், சுவரு என்ன கல்லு, எவ்ளோ தடிப்பு, உள்ள கம்பி இருக்கா, இத தெரியாம மெஷின் வாங்குனா காசு வீண்.

இங்க மூனு வகை சுவரு வரும். டவுனுல பழைய கடை வீடுங்க, 9 இஞ்சி சிவப்பு கல்லு சுவரு, கல்லு மெதுவா இருக்கும் ஆனா தடிப்பு ஜாஸ்தி. தாமான் (குடியிருப்பு) வீடுங்கள்ல பாதிக்கு மேல சிமெண்டு கல்லு, நாலரை இஞ்சி, ரெண்டு பக்கமும் பூச்சு சேத்தா அஞ்சரை ஆறு இஞ்சி வந்துரும். மூனாவது புதுசா வந்த வீடுங்க, சுவத்தையே கான்கிரீட்டா ஊத்தி உள்ள கம்பி வல போட்டுருப்பாங்க. மொத ரெண்டுக்கும் தண்ணி இல்லாம கையில புடிச்சு ஓட்டுற டிரை கோரிங் போதும், மூனாவதுக்கு தண்ணி விட்டு ஓட்டுற வெட் கோரிங்தான், அதுவும் ஸ்டாண்ட சுவத்துல போல்ட் போட்டு இறுக்கிட்டு. செங்கல்லுக்கு தண்ணி விடாதீங்க, கல்லு தண்ணிய உறிஞ்சும், சேறு பிட்டுல அடைக்கும், கஸ்டமர் வீட்டு பெயிண்டு பூரா செவப்பா வழியும், அத தொடைக்கிற நேரத்துல இன்னொரு ஓட்டை போட்டுரலாம்.

நான் வச்சிருக்கிறது 1,700 வாட்டு, ரெண்டு கியரு, உள்ள கிளட்ச் (பிட்டு சிக்குனா மோட்டரோட இழுப்ப விட்டுக் குடுக்குற பாகம்) இருக்கிற மெஷின். கிளட்ச் இல்லாத மெஷின தயவு செஞ்சு வாங்காதீங்க, இத ரொம்ப அழுத்தி சொல்றேன். 4 இஞ்சி பிட்டு ஓடிட்டு இருக்கும்போது கல்லு துண்டு ஒன்னு பக்கத்துல சிக்கிக்கிச்சுன்னா பிட்டு டக்குனு நின்னுரும், மோட்டர் நிக்காது, அப்ப சுத்துறது மெஷினோட உடம்பு, அத புடிச்சிருக்கிறது உங்க கை. எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி வாடகைக்கு எடுத்த மெஷின்ல கிளட்ச் கிடையாது, ஏணி மேல நின்னு குசினி புகை வெளிய போற ஹூட்டுக்கு ஓட்டை போட்டுட்டு இருந்தான், மணிக்கட்டு ஒடஞ்சு ரொம்ப நாளு வேலைக்கு வரல. கிளட்ச் இருந்தா பிட்டு சிக்கும்போது கட கடன்னு ஒரு சத்தம் வரும், கையில லேசா ஒரு இழுப்பு, அவ்ளோதான், ட்ரிக்கர விட்டுட்டு பிட்ட கையால திருப்பி வெளிய எடுத்துக்கலாம். கிளட்ச் இருந்தாலும் பெரிய பிட்டுக்கு ஏணி வேணாம், சாரம் போட்டு ரெண்டு காலும் பலகையில ஊனி நில்லுங்க, சைடு ஹேண்டில் இல்லாம ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

வேகம் பத்தி ஒன்னு. பிட்டு பெருசாக பெருசாக வேகம் கொறையணும். 4 இஞ்சிக்கு மேல போனா மொத கியரு, நிமிஷத்துக்கு 800, 900 சுத்து அந்த மாதிரி. ஏர்கான் பைப்புக்கு 65 மில்லி, சிங்க்கு பைப்புக்கு 50 மில்லி பக்கம், இதுக்கெல்லாம் ரெண்டாவது கியரு. ஹேமர் மோட் உள்ள டிரில்லுல அடாப்டர் போட்டு ஓட்டுறவங்க ஹேமர கண்டிப்பா ஆஃப் பண்ணிருங்க, டைமண்ட் பல்லு தேய்ச்சு அறுக்குறதுக்கு செஞ்சது, அடி வாங்குனா ஒடஞ்சு விழுந்துரும்.

பிட்டு விஷயம்தான் நான் வருஷ கணக்கா ஓட்டி ஓட்டி நல்லா புரிஞ்சிக்கிட்டது. அந்த பல்லு முழுக்க டைமண்ட் இல்ல, இரும்பு, வெண்கலம், கோபால்ட்டு மாதிரி உலோகத் தூளுக்குள்ள டைமண்ட் துகள கலந்து சுட்டு எடுத்துருப்பாங்க. அறுக்க அறுக்க உலோகம் தேயும், உள்ள இருக்கிற புது டைமண்ட் வெளிய வரும், அப்பதான் பிட்டு தொடர்ந்து அறுக்கும். சிமெண்டு கல்லு, செங்கல்லு எல்லாம் மணல் மாதிரி உலோகத்த சீக்கிரம் தின்னும், அதனால அதுக்கு கெட்டியான உலோகம் வேணும். கருங்கல் ஜல்லி போட்ட கெட்டி கான்கிரீட்டு உலோகத்த தேய்க்காது, அதுக்கு சீக்கிரம் தேயுற மெதுவான உலோகம் வேணும். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா அதுதான் உண்மை. செங்கல்லு பிட்ட கான்கிரீட்டுல வச்சு அழுத்துனா டைமண்ட் மழுங்கும், உலோகம் தேயாது, பல்லு கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிரும், அப்புறம் சூடுதான் வரும், ஓட்டை வராது. அப்ப பிட்டு போச்சுன்னு தூக்கி போடாதீங்க, ஒரு சிமெண்டு கல்ல கீழ வச்சு ரெண்டு மூனு ஓட்டை போடுங்க, பல்ல விரலால தடவிப் பாத்தா சொர சொரன்னு இருக்கும், திரும்ப அறுக்கும். பல்ல லேசர்ல வெல்டு பண்ணுன பிட்டா கேட்டு வாங்குங்க, சாதாவா உருக்கி ஒட்டுன பல்லு டிரையா ஓட்டுற சூட்டுல கழண்டு பறக்கும்.

ஓட்டும்போது வர்ற தூள பாத்துக்கிட்டே இருங்க. மொதல்ல பூச்சோட சாம்பல் கலரு, அப்புறம் செங்கல்லு செவப்பு, கல்லுக்கு நடுவுல இருக்கிற கலவை வந்தா மறுபடி சாம்பல். தூள் வர்றது கொறைஞ்சு சத்தம் கீச்சுன்னு மாறுனா, தீப்பொறி தெரிஞ்சா, நிறுத்துங்க, கம்பியோ பைப்போ கரண்டு வயரு போற குழாயோ இருக்கும். பில்லர்லயும் பீம்லயும் இன்ஜினியர் சொல்லாம ஓட்டை போடவே கூடாது, கஸ்டமர் எவ்ளோ கேட்டாலும் சரி. தாமான்ல ஒரு அக்கா, "தம்பி, இங்கதான்பா ஹூட்டு நேரா வரும்"னு பீம காட்டுனாங்க, "அக்கா, அரை அடி எறக்கிக்கலாம், வீட்ட தாங்குறதே அதுதான்"னு சொல்லி புரிய வச்சேன், ஒத்துக்கிட்டாங்க.

பிட்டுக்கு நடுவுல இருக்கிற டிரில்ல ஓட்டை ஆரம்பிக்க மட்டும் வச்சுக்கோங்க, பிட்டு சுத்தி 1 சென்டி காடி விழுந்ததும் கழட்டிருங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டிரில்லுல சுவத்த அந்த பக்கம் வரைக்கும் துளைச்சிட்டா ரெண்டு பக்கத்துல இருந்தும் கோரிங் போடலாம், வெளி பூச்சு பேந்து விழாது. 9 இஞ்சி சுவத்துக்கு இது இல்லாம முடியாது, பிட்டோட ஆழம் பெரும்பாலும் 150 மில்லிதான். வெளிய போற ஓட்டைய வெளிப்பக்கம் லேசா எறக்கமா போடுங்க, நம்ம ஊரு மழைக்கு நேரா போட்டா தண்ணி சுவத்துக்குள்ள வந்து பாசி புடிக்கும். ஒரு முக்கியமான அளவு விஷயம், 4 இஞ்சி பைப்புன்னு கடையில சொல்றது வெளி அளவு இல்ல, பைப்ப கையில எடுத்து அளந்துட்டு பிட்டு வாங்குங்க. டைல்ஸ் ஒட்டுன சுவரா இருந்தா மொதல்ல டைல்ஸ் பிட்டால டைல்ஸ அறுத்து எடுத்துட்டு அப்புறம் கோரிங்.

கல்லு பிட்டுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா சுத்தியலால பேரல (பிட்டோட குழாய) அடிக்காதீங்க, பேரல் நெளிஞ்சா அதோட முடிஞ்சது. பேரலோட பக்கவாட்டுல இருக்கிற நீள ஓட்டை வழியா ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்புனா, புட்டு குழாய்ல இருந்து புட்டு வர்ற மாதிரி முழுசா வெளிய வரும்.

தூசி பத்தி சொல்லாம விட முடியாது. செங்கல்லு, சிமெண்டு தூள்ல சிலிக்கா இருக்கு, கண்ணுக்கு தெரியாத அளவு சின்ன துகள் நுரையீரல்ல போய் தங்கிரும், அதனால வர்ற நோய்க்கு வைத்தியம் பாத்து பழைய நெலமைக்கு கொண்டு வர முடியாது. 1997-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்த சிலிக்கா தூசிய புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு வகைப்படுத்திருச்சு. துண்ட மூக்குல கட்டிக்கிட்டு வேலை செய்ற பசங்கள பாத்தா மனசு பதறுது. என்.95 மாஸ்க்காவது போடுங்க, தாடி இருந்தா அது ஒட்டாது, சவரம் பண்ணுங்க. நான் வேக்கும் (தூசி உறிஞ்சுற மெஷின்) குழாய ஓட்டை பக்கத்துலயே புடிக்க ஒரு ஆள் வச்சுக்குறேன், அந்த ஆளுக்கும் மாஸ்க்கு என் செலவு.

மெஷின் இத்தன வருஷத்துல கார்பன் பிரஷ் மாத்துனேன், கியர் கிரீஸ் மாத்துனேன், சுவிட்ச்சு ஒரு தடவ தூசி அடைச்சு போச்சு, மத்தபடி மோட்டர் நல்லா இருக்கு. ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் காத்து அடிச்சு தூசிய எடுத்துருவேன். வெட் கோரிங்னா 30 மில்லிஆம்ப் ஆர்.சி.டி. (கரண்டு கசிஞ்சா டக்குனு அணைச்சுருற சுவிட்ச்சு) உள்ள வயரு இல்லாம பிளக் போடவே மாட்டேன்.

வீட்டுல ஒரே ஒரு ஏர்கான் ஓட்டைக்காக மெஷின் வாங்க நினைக்கிறவங்க வாங்க வேணாம், ஆள கூப்பிட்டு போட்டுக்கோங்க. மாசம் நாலஞ்சு ஓட்டையாவது வர்ற தொழில்காரங்க மெஷினுக்கு ஒதுக்குற காசுல கொஞ்சம் கொறைச்சு, 65 மில்லியும் 4 இஞ்சி பைப்பு போற அளவும் நல்ல பிட்டா ரெண்டு எடுத்துக்கோங்க, மத்த சைஸ் எல்லாம் வேலை வரும்போது பாத்துக்கலாம்.