பழைய சவரக்கத்தி வாங்கும் முன் முதுகின் படத்தைக் கேளுங்கள்

போன மாதம் இணையத்தில் 85 பவுண்டு கொடுத்து ஒரு பழைய ஷெஃபீல்டு சவரக்கத்தி வாங்கினேன். அதை வைத்து முதல் தடவை ஷேவ் செய்த அன்றே தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். வெறும் மழுங்கல் என்றால் கல்லில் தீட்டிச் சரிசெய்து கொள்ளலாம். ஆனால் இது தப்பும் தவறுமாகத் தீட்டித் தீட்டியே பாழான கத்தி. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. பழைய கத்தி வாங்க ஆசைப்படும் யாரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். மூன்று வருடமாகத் திறந்த கத்தியில்தான் ஷேவ் செய்கிறேன். ஷெஃபீல்டு பக்கத்து ஊர் என்பதால் அந்த ஊர்க் கத்தி மேல் தனி ஆசை. விற்பனைப் பக்கத்தில் பார்த்தது வேட் அண்ட் புட்சர் என்ற பழைய ஷெஃபீல்டு நிறுவனத்தின் கத்தி. முதுகிலிருந்து (கூருக்கு எதிரே உள்ள தடித்த விளிம்பு) கூர் வரை 6/8 அங்குல அகலம், 'தேய்மானம் மிகக் குறைவு', 'ஷேவ் செய்யத் தயார்' என்று எழுதியிருந்தார்கள். எட்டுப் படங்கள். அலகு கண்ணாடி போல மின்னியது. அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள தண்டில், அம்பும் சிலுவையும் உள்ள முத்திரை நேற்று அடித்தது போலத் துல்லியமாக இருந்தது. நான் மயங்கியது அந்த முத்திரையில்தான்.

இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. முத்திரை இருப்பது தண்டில். தண்டு ஒருநாளும் கல்லில் படாது. அலகு பாதியாகத் தேய்ந்து போன கத்தியிலும் முத்திரை புதுசாகவே இருக்கும். எட்டுப் படங்களில் மூன்று முத்திரைக்கு. மீதி ஐந்தும் அலகின் ஒரே பக்கம். முதுகை மேலிருந்து காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. முனையை நேராகப் பார்க்கும் படமும் இல்லை.

முதுகை ஏன் பார்க்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கை பிடிக்கிறது. சவரக்கத்தியை அப்படித் தீட்டுவதில்லை. கல்லில் அப்படியே படுக்க வைத்துத் தள்ள வேண்டும். முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்துதான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. பொதுவாக அது 16, 17 பாகை அளவில் வரும். ஆகவே ஒவ்வொரு தீட்டலிலும் கூரோடு சேர்ந்து முதுகும் கொஞ்சம் தேயும். அது குற்றமே இல்லை. இரண்டும் அளவாகத் தேய்ந்தால் கோணம் பெரிதாக மாறாது. என்னிடம் 30 பவுண்டுக்கு வாங்கிய ஒரு ஜெர்மனிச் சோலிங்கன் கத்தி, 5/8 அங்குலம், இருக்கிறது. முதுகில் இரண்டு பக்கமும் அடி (தண்டுப் பக்கம்) முதல் முனை வரை ஒரே சீராக, கல்லில் தேய்ந்து தட்டையான ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. யாரோ ஒருவர் பல வருடம் பொறுமையாகத் தீட்டிப் பயன்படுத்தியிருக்கிறார். கன்னத்தில் வைத்தால் வெண்ணெய் போலப் போகிறது.

புதிதாக வந்தது அப்படிப் போகவில்லை. மயிரைப் பிடித்து இழுத்தது. சரி, கூர் போயிருக்கும் என்று நினைத்து, கூரின் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போட்டு 1000 என்ற சொரசொரப்பு எண் கொண்ட தீட்டுக்கல்லில் ஐந்து தள்ளு தள்ளினேன். அடியிலும் முனையிலும் மை அழிந்துவிட்டது. நடுவில் ஏறக்குறைய ஒன்றரை அங்குல நீளத்துக்கு மை அப்படியே இருந்தது. கல்லே அங்கு தொடவில்லை. எஃகு அளவுகோலின் விளிம்பைக் கூரோடு ஒட்டி வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் பிறை போல வெளிச்சம் தெரிந்தது. கூர் உள்நோக்கி வளைந்திருக்கிறது. வெளிநோக்கி மெல்லிய வளைவு இருக்கும் பழைய கத்திகள் உண்டு, அது அப்படியே செய்யப்பட்டது, பயமில்லை. உள்வளைவை எந்தக் கொல்லனும் செய்து விற்பதில்லை. அது தீட்டியவரின் கை செய்த வேலை.

அப்புறம்தான் தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். முதுகின் தடிமன் அடியில் 5.5 மில்லிமீட்டர், நடுவில் 5, முனையில் 4.3. அகலம் அடியில் 17.8, நடுவில் 17.2, முனையில் 17.5. 6/8 அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எந்த இடத்திலும் இல்லை. கணக்குப் போட்டால் கோணம் அடியில் 17 பாகைக்கு மேல், முனையில் 14 தான். முதுகு முனைப்பக்கம் லேசாக மெலிவது சில பழைய கத்திகளில் இயல்புதான். இங்கே அப்படி இல்லை என்பதைப் பட்டை காட்டிக்கொடுத்தது. படத்தில் காட்டிய பக்கத்தில் பட்டை இரண்டு மில்லிமீட்டர். காட்டாத பக்கத்தில் முனையை நெருங்க நெருங்க விரிந்து நாலரை மில்லிமீட்டருக்குப் போகிறது.

பளபளப்பும் ஒரு ஏமாற்றுதான். மெருகுச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பட்டைக்கும் முதுகின் வளைவுக்கும் நடுவே இருக்க வேண்டிய கூர்மையான கோடு மழுங்கி, தேய்ந்த இடம் எங்கே தொடங்குகிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் நகத்தை ஓட்டினால்தான் புரிகிறது. சக்கரத்தில் கூர் சூடேறினால் எஃகின் பதமும் போய்விடும் என்பது தனிக் கவலை.

கத்தி சீர்செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அளக்கவே இல்லை. அலகைப் பிடிக்குள் மடக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். "பிடிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? இந்தப் பிடி இதைவிட அகலமான அலகுக்குச் செய்தது" என்றார். பிறகு அடியைத் திருப்பிக் காட்டினார். கூர் முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் கல் எட்டாத ஒரு சிறு கொக்கி துருத்திக்கொண்டிருந்தது. "இந்தக் கொக்கியின் நுனி இருக்கும் இடத்தில்தான் முன்பு கூர் இருந்திருக்கும்." அவ்வளவுதான், அரை நிமிடம். கூரை நேராக்கலாம், அதற்கு இன்னும் அரை மில்லிமீட்டருக்கு மேல் அகலத்தைத் தின்ன வேண்டும், முதுகின் கோணலை அப்போதும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன்.

விற்றவருக்கு அளவுகளோடு மின்னஞ்சல் அனுப்பினேன். "பழைய பொருள், தேய்மானம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் கல்லில் வேறு வைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது" என்று பதில். இங்கேதான் என் தவறு. பிரிட்டனில், வியாபாரமாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய 2013 விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் நாம் கையாண்டதில் மதிப்புக் குறைந்தால் விற்பவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் வழி தருகிறது. நான் கல்லில் தள்ளிய அந்த ஐந்து தள்ளை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு 30 பவுண்டு திருப்பித் தந்தார். அதற்கு மேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அதனால் தயவுசெய்து, கத்தி வந்ததும் கல்லையும், கூரைப் பதமாக்கும் தோல்வாரையும் தொடாதீர்கள். முதலில் காலிப்பர், அளவுகோல், படம். வாங்கும் முன்பே ஐந்து படம் கேளுங்கள்: முதுகு மேலிருந்து, முனை நேராக, அலகின் இரண்டு பக்கமும் தட்டையாக, கூர் ஓர் அளவுகோலோடு ஒட்டி. பொன் எழுத்தோ செதுக்கலோ உள்ள அலகு என்றால் அது முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். மெருகுச் சக்கரம் முதலில் அழிப்பது அதைத்தான். கூரை ஒட்டிய துருக்குழியும் மயிரிழை விரிசலும் இருந்தால் பேச்சே வேண்டாம்.

வருடக் கணக்கையும் நம்பிவிடாதீர்கள். என் கத்தியை '1850 வாக்கில்' என்று போட்டிருந்தார்கள். தண்டில் ஷெஃபீல்டோடு 'இங்கிலாந்து' என்றும் இருக்கிறது. அமெரிக்காவின் 1890 மெக்கின்லி வரிச்சட்டம் வந்த பிறகு, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் கட்டாயமானது. அதற்கு முன்பே நாட்டுப் பெயர் போட்ட கத்திகளும் உண்டுதான். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்தால் 1850 என்பதற்கு ஆதாரம் கேட்பதில் தப்பில்லை. நான் கேட்கவில்லை.

நேற்று அதே விற்பனையாளர் இன்னொரு கத்தி போட்டிருக்கிறார், 110 பவுண்டு. ஏழு படங்கள், ஏழிலும் முதுகு இல்லை. மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போட முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.