கணுக்கால் முறிவில் கிழிந்த தசைநார்: ஸ்க்ரூவா, சூச்சர் பட்டனா?

கணுக்கால் முறிந்தால் பிளேட் வைத்து எலும்பைச் சேர்ப்பதில் எலும்பு மருத்துவர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளான டைபியாவையும் (உட்பக்கத் தடித்த எலும்பு) ஃபிபுலாவையும் (வெளிப்பக்க மெல்லிய எலும்பு) மூட்டுக்குச் சற்று மேலே பிணைத்து வைத்திருக்கும் சிண்டெஸ்மோசிஸ் தசைநார்கள் கிழிந்திருந்தால்தான் வாதம் தொடங்கும். பிளேட் போட்ட கையோடு ஃபிபுலாவைக் கொக்கியால் வெளிப்பக்கம் இழுத்து, இடைவெளி விரிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். விரிந்தால் இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

பழைய வழி ஸ்க்ரூ. விலை குறைவு, பிடி இறுக்கம். குறையும் அந்த இறுக்கத்திலேயே இருக்கிறது. நடக்கும்போது ஃபிபுலா இயல்பாகக் கொஞ்சம் அசையும். அதை ஸ்க்ரூ தடுப்பதால் நாளடைவில் தளரும், சில சமயம் உடையும். உடைந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை, பலருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. மாதக்கணக்கு வைத்து எல்லோருக்கும் ஸ்க்ரூவை எடுக்கும் வழக்கத்தையும் நெதர்லாந்தில் நடந்து 2021-ல் வெளியான ரோடியோ ஆய்வு அசைத்துவிட்டது: தொந்தரவு கொடுத்தால் மட்டும் எடுத்தாலும் பலன் குறையவில்லை.

சூச்சர் பட்டன் என்பது இரு முனையிலும் உலோகப் பொத்தான் வைத்த உறுதியான நூல். பெரும்பாலும் எடுக்க வேண்டாம். ஃபிபுலா சற்றே பிசகி அமர்ந்திருந்தாலும் தன் பள்ளத்துக்குத் திரும்ப இடம் கொடுக்கும். ஆனால் விலை பல மடங்கு. முடிச்சு தோலுக்கடியில் உறுத்துவதும் உண்டு.

நார்வேயில் 97 பேரை வைத்து நடந்து 2018-ல் வந்த ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் பட்டன் போட்டவர்களின் கணுக்கால் மதிப்பெண் நூற்றுக்கு 96, ஸ்க்ரூ போட்டவர்களுக்கு 86. பட்டன் கட்சி காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அங்கே எதிரில் நின்றது எந்த ஸ்க்ரூ என்பதைப் பலர் சொல்வதில்லை: ஃபிபுலாவில் இரண்டு, டைபியாவில் இரண்டு என நான்கு எலும்புச் சுவரையும் துளைத்துப் போகும் 4.5 மி.மீ. தடியன். அதே நாட்டிலிருந்து 2020-ல் வந்த இன்னோர் ஆய்வில், மூன்று சுவரோடு நிற்கும் 3.5 மி.மீ. ஸ்க்ரூவோடு மோதியபோது இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஆகவே கைக்காசு போட்டு சிகிச்சை செய்பவருக்கு மெல்லிய ஸ்க்ரூ போதும் என்பேன். செலவு தடையில்லாத இளம் விளையாட்டுக்காரருக்குப் பட்டன். முழங்காலை ஒட்டி ஃபிபுலா உடைந்த மேசன்னூவ் முறிவில் ஒற்றைப் பட்டனை நம்ப மாட்டேன், எலும்பு குட்டையாவதை அது தடுக்காது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு இறுக்கமே நல்லது; அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரூ போடுவதும் உண்டு.

டைபியாவின் பின்பக்கத் துண்டும் உடைந்திருந்தால் முதலில் அதைப் பொருத்திவிட வேண்டும். பின்பக்கத் தசைநார் அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. துண்டு இடத்தில் உட்கார்ந்தால் தசைநாரும் இழுவைக்கு வந்துவிடும், சிலருக்கு ஸ்க்ரூ, பட்டன் எதுவுமே தேவைப்படாது. உட்பக்க டெல்டாய்டு தசைநாரைத் தைப்பதா என்பது தனி வழக்கு. மூட்டு நேராக அமர்ந்துவிட்டால் பெரும்பாலோர் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.