நாலு வருஷம், பதினொரு லெக்கிங்ஸ்

உடற்பயிற்சி ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை வாங்கிய லெக்கிங்ஸ் 11. இன்று உடுத்தும் நிலையில் இருப்பவை 3. போன எட்டில் ஏழு ஒரே இடத்தில்தான் போயின: உள் தொடை. அதனால் இது ஒரு பொருளின் விமர்சனம் இல்லை. 3 எக்ஸ்எல் உடம்போடு, கட்டுப்படியாகும் விலையில் துணி தேடியவள் எதில் ஏமாந்தேன், எது நிலைத்தது என்பதுதான் இதில் இருக்கும்.

முதல் நாள் கடையில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. உடற்பயிற்சித் துணி இருந்த வரிசையில் தேடிக்கொண்டிருந்தேன். கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க சைஸ் இதுல வராது, ஜென்ட்ஸ் பக்கம் பாருங்க" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாள். உடம்பைக் குறைக்கச் சொல்ல ஊரே இருக்கிறது, குறைக்கப் போகும்போது போட்டுக்கொள்ளத்தான் துணி இல்லை.

சரி என்று ஆண்கள் பக்கம் போய் ஒரு ட்ராக் பேன்ட்டும் இரண்டு டீ ஷர்ட்டும் வாங்கினேன். இடுப்புக்குச் சரியாக இருந்த பேன்ட் பிட்டத்தில் பிடித்தது. பிட்டத்துக்குப் பார்த்து எடுத்தது இடுப்பில் நிற்கவில்லை, நாடாவை இழுத்துக் கட்டினால் முன்னால் துணி மூட்டையாகக் குவிந்தது. டீ ஷர்ட் இரண்டும் பருத்தி. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நடக்க நடக்க அந்த ஈரத்துணி அக்குளில் உரசி, மூன்றாம் நாள் தோல் சிவந்துவிட்டது. விலை மலிவு என்பதைத் தவிர அந்த மூன்றுக்கும் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை.

அப்புறம் பெரிய அளவுக்கென்றே விற்கும் துணிகளுக்கு மாறினேன். முதல் கறுப்பு லெக்கிங்ஸ் வந்த அன்று அவ்வளவு சந்தோஷம். வாரத்துக்கு நாலு நாள் போட்டேன். மூன்றாம் மாதம் உள் தொடையில் சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டன. ஐந்தாம் மாதம் உருண்டைகள் உதிர்ந்து அந்த இடம் மழமழவென்று பளபளத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரிந்தது. ஏழாம் மாதம் தையலை ஒட்டி ஒரு கடுகளவு ஓட்டை. குனிந்து எழுந்த ஒரு நாளில் கடுகு சுண்டைக்காய் ஆனது.

இது என் தொடையின் குற்றம் என்றே ரொம்ப நாள் நினைத்தேன். பாதிதான் உண்மை. தொடை இரண்டும் உரசத்தான் செய்யும், நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் உரசும். அந்த உரசலைத் தாங்கும் துணியைப் போடுவது செய்கிறவர் வேலை. என் ஏழும் போன விதம் ஒன்றுதான். மெல்லிய பாலியஸ்டர், அதில் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ், அதாவது இழுத்தால் விரியும் இழை. இரண்டு காலும் சேரும் இடத்தில் நாலு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டும். மொத்த இழுவையும் அந்தப் புள்ளியில் விழும். நிலைத்த மூன்றில் அந்த இடத்தில் வைர வடிவில் ஒரு தனித்துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள், தையல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் விலகிப் போகின்றன. இப்போது எதை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பி அதைத்தான் பார்க்கிறேன். அது இல்லையென்றால் அப்படியே வைத்துவிடுவேன், எவ்வளவு தள்ளுபடி இருந்தாலும்.

அடுத்தது துணி. நைலான் உரசலைப் பாலியஸ்டரை விட நன்றாகத் தாங்கும். என்னிடம் உயிரோடு இருக்கும் மூன்றிலும் முக்கால் பங்குக்கு மேல் நைலான், மீதி ஸ்பான்டெக்ஸ். ஸ்பான்டெக்ஸ் இல்லாவிட்டால் இந்த உடைகளே இல்லை. 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழை அது. ஆங்கிலத்தில் 'விரிகிறது' என்று பொருள்படும் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டுத்தான் அந்தப் பெயரே வைத்தார்களாம். ஆனால் அதற்குச் சூடு ஆகாது. ஒன்றை நான் வெந்நீரில் ஊறவைத்து, துணி மென்மையாக்கும் திரவமும் ஊற்றிக் கெடுத்தேன். முழங்கால் பை மாதிரி தொங்கியது, வியர்வையும் காயவில்லை. அந்தத் திரவம் இழை மேல் ஒரு பூச்சாகப் படிந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டாவது போனது அப்படித்தான். அதில் கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை.

டீ ஷர்ட் கதை வேறு. பெரிய அளவு டீ ஷர்ட் போட்டால் கழுத்து தோளிலிருந்து வழியும், தோள் தையல் கையில் தொங்கும், ஆனால் மேல்கையில் மட்டும் பிடிக்கும். ஏன் என்று தையல் தெரிந்த தோழியைக் கேட்டேன். அவள் சொன்னது: "ஒரு நடுத்தர சைஸுக்குத்தான் மாதிரி வெட்டுவாங்க. அதுல ஒவ்வொரு சைஸுக்கும் இத்தனைன்னு எல்லாப் பக்கமும் கூட்டிக்கிட்டே போவாங்க. உன் வயிறு வளர்ந்த அளவுக்கு உன் கழுத்தும் தோளுமா வளர்ந்துச்சு?" இல்லைதான். பெரிய உடம்புக்குத் தனியாக மாதிரி வெட்ட வேண்டும், பெரிய உடம்புக்காரர் மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவாகும். செய்கிறவர்கள் குறைவு, செய்தால் விலையில் தெரிகிறது.

3 எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்புவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கம்பெனியின் 3 எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியின் எக்ஸ்எல்லை விடக் கொஞ்சம்தான் பெரிது. வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு உடையைத் தரையில் விரித்து, இடுப்பு, பிட்டம், தொடை மூன்றையும் டேப்பால் அளந்து போனில் எழுதி வைத்திருக்கிறேன். அளவு அட்டவணையில் தொடை அளவு கொடுக்காதவரிடம் லெக்கிங்ஸ் வாங்குவதில்லை. வந்ததும் சன்னல் வெளிச்சத்தில் போட்டுக் குனிந்து நிமிர்வேன், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி. இடுப்புப் பட்டி சுருண்டு இறங்கினாலோ தோல் தெரிந்தாலோ, லேபிளை வெட்டாமல் அன்றே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இருப்பதிலேயே கஷ்டம் ஸ்போர்ட்ஸ் பிரா. முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை 1977இல் அமெரிக்காவில் மூன்று பெண்கள் செய்தார்கள், ஆண்கள் விளையாட்டில் போடும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து. எனக்குக் கிடைத்த மலிவானவற்றைப் பார்த்தால் அதற்குப் பிறகு பெரிய முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. தலை வழியாகப் போடுவதை வியர்வையோடு கழற்ற முயன்று, இரண்டு கையும் மேலே மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றிருக்கிறேன். மார்பைப் பலகையாக அழுத்தும் வகை பெரிய மார்புக்கு ஒத்துவராது, நடுவில் வியர்வை தேங்கிப் புண்ணாகும். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் தாங்கி, அகலமான தோள்பட்டையும் பின்பக்கம் கொக்கியும் உள்ளதுதான் எனக்குச் சரிப்பட்டது. இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். லெக்கிங்ஸ் கிழிந்தால் வெட்கம்தான், இது சரியில்லையென்றால் முதுகும் தோளும் வலிக்கும்.

விலைக்கு வருவோம். நிலைத்த மூன்றும் ஏழு மாதத்தில் கிழிந்ததைப் போல இரண்டு மடங்கு விலை. அந்த மூன்றில் முதலில் வாங்கியது மூன்றரை வருஷமாக ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் விலை கூடியதுதான் மலிவு. ஆனால் இப்படிச் சொல்வது எனக்கே உறுத்துகிறது. அந்த இரண்டு மடங்கு ஒரே தடவையில் கையில் இருந்தால்தானே இந்தக் கணக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் இல்லை, அதனால்தான் ஏழு கிழிந்தன.

நடுவில் தையல்காரரிடமும் போனேன். கிழிந்த ஒன்றைத் தையல் பிரித்து மாதிரியாகக் கொடுத்தேன். அளவு அச்சாக இருந்தது. ஆனால் சாதா நேர்த்தையல் போட்டிருந்தார். துணி விரிந்தது, நூல் விரியவில்லை. முதல் தடவை உட்கார்ந்தபோதே பின்னால் 'டர்'. அடுத்த முறை ஓவர்லாக், அதாவது துணியோடு சேர்ந்து விரியும் தையல், அடித்துத் தரச் சொன்னேன். அது வீட்டில் யோகா செய்யப் போதும், ஓடுவதற்கு இறுக்கம் பத்தாது.

இப்போது பயம் வேறு. மூன்றரை வருஷம் ஓடிய அந்த லெக்கிங்ஸின் இடுப்பு இலாஸ்டிக் தளர ஆரம்பித்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம் என்று தேடினால், இப்போது 2 எக்ஸ்எல் வரைதான் போடுகிறார்கள். போன வாரம் இடுப்பைப் பிரித்துப் புது இலாஸ்டிக் கோத்தேன். தையல் கொஞ்சம் கோணல், டீ ஷர்ட் மறைத்துவிடுகிறது.