பழைய மினி டிராக்டரை சர்வீஸுக்கு விடப் போறீங்களா, ஒரு நிமிஷம் இதைப் படிச்சிட்டு விடுங்க

வணக்கம். கோட்டூர் பக்கம் கடைமடை விவசாயி நான். இங்க வொர்க் ஷாப் பேரு, அது இருக்கிற ஊரு பேரு எதுவும் போடல, அதுக்கு தனியா மனு எழுதிட்டு இருக்கேன், ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லாம இருக்க முடியல. ஏன்னா நம்ம பக்கம் நிறைய பேர் வீட்டுல இதே மாதிரி பழைய வண்டி நிக்குது, சம்பா வேலைக்கு முன்னாடி எல்லாரும் சர்வீஸ் விடுவோம்.

எங்களது 18 ஹெச்பி மினி டிராக்டர், மூணு சிலிண்டர் டீசல், நான் பத்தாவது படிக்கும்போது அப்பா செகண்ட் ஹேண்டுல வாங்கினது. எங்க களிமண்ணுல பெரிய டிராக்டர் இறங்கினா வரப்பையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும், இது லேசு, சின்ன வயல் தாக்குல கூட அழகா திரும்பும், டீசலும் கம்மியா குடிக்கும். அப்பா இதை ஒரு நாள் கூட வொர்க் ஷாப்புக்கு கொண்டு போனதில்ல. ஆயில் மாத்துறது, கிரீஸ் அடிக்கிறது எல்லாம் கொட்டகையில வச்சு அவங்களே தான். மணி மீட்டர் ஓடாதுங்கிறதால எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைப்பாங்க, நூறு மணி நேரம் ஆனா எஞ்சின் ஆயிலும் பில்டரும் மாத்திடுவாங்க. புது பில்டர் மாட்டும்போது அடியில ஆணியால மாசமும் தேதியும் கீறி விடுவாங்க.

இந்த வருஷம் பங்குனியில அப்பா தவறிட்டாங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், கிரீஸ் அடிக்கத் தெரியும், மத்தது ஒண்ணும் கத்துக்கல. அதனால ஆனி மாசம், ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள ஃபுல் சர்வீஸ் பண்ணிடலாம்னு மெயின் ரோட்டுல இருக்கிற ஒரு வொர்க் ஷாப்புல விட்டேன். காலையில விட்டுட்டுப் போங்க தம்பி, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்கன்னாங்க. நானும் சரின்னு வீட்டுக்கு வந்துட்டேன், நான் பண்ணின முதல் தப்பு அது தான். சாயங்காலம் போனா வண்டியைக் கழுவி, டயருக்கெல்லாம் பாலிஷ் போட்டு பளபளன்னு நிறுத்தியிருந்தாங்க. எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர் ரெண்டு, கூலன்ட், ரேடியேட்டர் கிளீனிங், கியர் பாக்ஸ் ஆயில், ஏர் கிளீனர் சர்வீஸ், கூலி எல்லாம் சேத்து 9,850 ரூபாய். ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டுல மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாங்க, வாங்கிப் பையில வச்சிட்டு வந்துட்டேன்.

ஆனியிலயும் ஆடியிலயும் வண்டிக்கு பெருசா வேலை இல்ல. ஆவணியில வாய்க்கால்ல தண்ணி ஏறுச்சு, நாத்து பறிக்கிற பக்குவத்துல நின்னுச்சு, ஆள் எல்லாம் சொல்லி வச்சாச்சு. நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டி சேறடிக்கிற தொழி உழவுக்கு இறக்கின ரெண்டாவது நாள், காலை பதினோரு மணி இருக்கும், திடீர்னு இழுவை குறைஞ்சு ரேடியேட்டர் பக்கமிருந்து புஸ்ஸுன்னு ஆவி. உடனே ஆஃப் பண்ணினேன். ஒரு மணி நேரம் ஆற விட்டுட்டு, எஞ்சின் ஆயில் அளவு பாக்குற டிப் ஸ்டிக்கை உருவினா ஆயில் டீ கலர்ல நுரைச்சு இருக்கு. அது என்னன்னு எனக்கே தெரியும், ஆயில்ல தண்ணி கலந்துட்டா அப்படித்தான் ஆகும். சேத்து நடுவுல வண்டி நிக்குது, அடுத்த நாள் நடவுக்கு ஆள் வர்றாங்க, அந்த நேரத்துல எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. வேற டிராக்டர் வாடகைக்குப் பிடிச்சு மிச்சத்தை உழுதேன், எல்லாரும் ஒரே நேரத்துல உழுவுறதால கேட்ட காசைக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பெரியவர், மன்னார்குடியில ரொம்ப வருஷமா டீசல் எஞ்சின் பாக்குறவர், போன் பண்ணினதும் பஸ் ஏறி வந்துட்டார். அவர் ஒவ்வொண்ணா கழட்டக் கழட்டத் தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது.

முதல்ல ரேடியேட்டர். முன்னாடி வலையை எடுத்தா போன சம்பா அறுவடையில ஒட்டின பதரும் சுணையும் அப்படியே அடைச்சுக் கிடக்கு, காத்தே போக வழியில்ல. கிளீனிங்னு காசு வாங்கினது வெளியில தண்ணி அடிச்சதுக்குத் தான் போல. மூடியில இருக்கிற ரப்பர் வாசர் வெடிச்சுப் போயிருக்கு. அந்த வாசர் சரியா இருந்தா தான் உள்ள பிரஷர் நிக்குமாம், பிரஷர் இல்லன்னா தண்ணி சீக்கிரம் கொதிச்சு வெளிய வந்துடும். அப்புறம் உள்ள இருந்த பச்சைத் தண்ணியை ஒரு கிண்ணத்துல பிடிச்சு, விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க தம்பின்னார். கூலன்ட்னா விரலுக்கு வழவழன்னு இருக்கணும், இது வெறும் தண்ணி மாதிரி இருந்துச்சு. கிண்ணத்தை வெயில்ல வச்சோம், சாயங்காலம் பாத்தா அடியில வெள்ளையா உப்பும் கொஞ்சம் பச்சைச் சாயமும் நிக்குது. போர் தண்ணியில கலர் கலந்து ஊத்தியிருக்காங்க! நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஒரு மாசம் கொதிக்க வச்ச பாத்திரத்துல எப்படி படியுதோ அதே தான் எஞ்சின் உள்ளயும் படியும். அப்பா ஐப்பசி மழைத் தண்ணியை கேன்ல பிடிச்சு வச்சு அதுல தான் கூலன்ட் கலப்பாங்க, அந்த நல்ல தண்ணியை வடிச்சுட்டு இதை ஊத்தியிருக்காங்கன்னு நினைக்கும்போது வயிறு எரியுது. கூலன்ட்ங்கிறது குளிர் தேசத்துக்குத் தான், நமக்கு எதுக்குன்னு சில பேர் கேக்குறாங்க. தண்ணி கொதிக்கிற சூட்டை அது ஏத்திக் கொடுக்கும், துரு பிடிக்காம காப்பாத்தும், அதனால நம்ம வெயிலுக்கும் கட்டாயம் வேணும். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்ல கலக்கலாம், இல்ல கலந்தே வர்ற கேனை வாங்கி ஊத்தலாம்.

அடுத்து ஏர் கிளீனர். எங்களது பழைய மாடல், அடியில கிண்ணத்துல ஆயில் நிக்கும், காத்து அது வழியா போகும்போது தூசி ஆயில்ல மாட்டிக்கும். கிண்ணத்தைக் கழட்டினா சேறு மாதிரி கெட்டியா இருக்கு, ஸ்பூனால சுரண்டி எடுத்தோம். கோடை உழவு தூசியெல்லாம் நேரா எஞ்சினுக்குள்ள போயிருக்கும், பிஸ்டன் ரிங்கும் அது உரசுற லைனரும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு இறக்கிப் பாத்தா தான் தெரியும்னார். தூசி வேலைன்னா தினமும் கிண்ணத்தைத் திறந்து பாக்கணும், கோடு போட்ட அளவுக்கு மேல ஆயில் ஊத்தவும் கூடாது, ஊத்தினா எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிச்சு கட்டுக்கு அடங்காம ஓடிடும்.

கியர் பாக்ஸ் ஆயில் மாத்தினோம்னு சொன்னாங்கல்ல. ராத்திரி வண்டியை ஆடாம நிறுத்தி வச்சு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அடி பிளக்கை மெதுவா லூஸ் பண்ணினார். ஆயிலை விட தண்ணி கனம், அடியில தங்கிடும், அதனால முதல்ல தண்ணி தான் வரும்னார். வந்துச்சு பாருங்க, அரை லிட்டருக்கு மேல கலங்கல் தண்ணி, அதுக்கப்புறம் மோர் மாதிரி ஆயில். ரெண்டு நாள் தொழியில இவ்வளவு தண்ணி இறங்காது, இது போன வருஷத்துக் கதைன்னார். எங்க வண்டியில கியர் பாக்ஸுக்கும், பின்னாடி கருவியைத் தூக்குற லிஃப்டுக்கும் ஒரே ஆயில், ரொட்டவேட்டரைத் தூக்கும்போது லிஃப்ட் நடுங்கினது எதுக்குன்னு இப்ப தான் புரிஞ்சுது. எந்த வண்டிக்கு எந்த கிரேடுன்னு கம்பெனி புக்குல போட்டிருக்கும், அதைப் பாத்து ஊத்துங்க. சில வண்டிக்கு பிரேக்கும் அதே ஆயில்ல தான் முங்கி இருக்கும், அதுல சும்மா கியர் ஆயில் ஊத்தினா பிரேக் பிடிக்கும்போது கத்தும்.

எஞ்சின் ஆயில் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். டீசல் எஞ்சின்ல புது ஆயில் ஊத்தினாலும் கொஞ்ச நேரம் ஓடினாலே கறுத்துடும், அதனால கறுப்பா இருக்கே, மாத்தலியான்னு யார் கூடயும் சண்டை போட முடியாது. நானும் அப்படித்தான் இருக்கும்போலன்னு இருந்தேன். ஆனா பெரியவர் பில்டரைக் கழட்டினார். நல்ல நீல பெயிண்ட், புதுசு மாதிரியே இருந்துச்சு. திருப்பிப் பாத்தார், ஒண்ணும் பேசாம என் கையில கொடுத்தார். பெயிண்டுக்கு அடியில கீறல் தெரியுது. "தை 28". அப்பா கையெழுத்து.

கொஞ்ச நேரம் அதை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். அப்பா கடைசியா மாட்டின பில்டர், துணியால துடைச்சு ஸ்பிரே பெயிண்ட் அடிச்சு அதையே திருப்பி எனக்கு வித்திருக்காங்க.

கடைசியில ஹெட் கேஸ்கெட் போயிருந்துச்சு, அதாவது எஞ்சின் ஹெட்டுக்கு அடியில ஆயிலும் தண்ணியும் கலக்காம தடுக்குற தகடு. ஹெட்டு லேசா வளைஞ்சிருக்கு, லேத்துல கொடுத்து மட்டமா பேஸ் பண்ணி, கேஸ்கெட், எல்லா ஆயிலும் பில்டரும் புதுசு, கூலி எல்லாம் சேத்து 17,000 தாண்டிடுச்சு.

பில்டரை எடுத்துக்கிட்டு அந்த வொர்க் ஷாப்புக்குப் போனேன். ஓனர் பாத்தார். "பழைய வண்டி தம்பி, நீங்க ஓட்டின ஓட்டுக்கு நாங்க என்ன பண்றது, பையன் யாராவது மாத்தி மாட்டியிருப்பான்"னார். பணம் கேட்டேன், பில் காட்டுங்கன்னார். பில்லே கொடுக்காத கடைக்காரர் என்கிட்ட பில் கேக்குறார். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடலாம், நாம கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. ஆனா கையில பில் இருந்தா கேஸுக்கு பலம். நல்லவேளை பாதிப் பணம் போன்ல அனுப்பியிருந்தேன், அந்த ஸ்கிரீன்ஷாட்டும் துண்டுச் சீட்டும் பில்டரும் தான் இப்ப என்கிட்ட இருக்கிற சாட்சி.

அதனால வண்டியை விட்டா விட்டுட்டு வராதீங்க, பக்கத்துலயே உக்காருங்க. ஆயில் கேன் சீலை உங்க முன்னாடி உடைக்கச் சொல்லுங்க, பழைய பில்டரையும் காலி கேனையும் கேட்டு வாங்கிட்டு வாங்க, என்ன ஊத்தினாங்க எத்தனை லிட்டர்னு தனித்தனியா பில்லுல எழுதச் சொல்லுங்க. கோவிச்சுக்குவாங்களேன்னு தயங்காதீங்க, நான் தயங்கினதுக்குத் தான் இவ்வளவும். ஏற்கனவே விட்டு எடுத்தவங்க நாளைக்குக் காலையில வண்டி நல்லா ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க, சூடா இருக்கும்போது மட்டும் தொட்டுடாதீங்க, முகத்துல அடிச்சிடும்.

எங்க வண்டி இப்ப ஓடுது. புகை தான் கொஞ்சம் நீலமா வருது, ரிங் தேஞ்சதோட அடையாளம்னு பெரியவர் சொல்றார், அறுவடை முடிஞ்சதும் எஞ்சினை இறக்கிப் பாக்கணும். அது வரைக்கும் அவர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எனக்கு ஒவ்வொண்ணா சொல்லித் தர்றேன்னிருக்கார். அப்பாவோட நோட்டுலயே அடுத்த பக்கத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சிருக்கேன்.