ஐஇஎல்டிஎஸ் வரைபடக் கேள்வி: படம் படமாகவா, பகுதி பகுதியாகவா?

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் டாஸ்க்கில், ஒரே இடம் அன்றும் பின்னரும் எப்படி இருந்தது என்று காட்டும் இரண்டு வரைபடங்கள் (மேப்) வந்துவிட்டால் பலருக்கும் கை ஓடாது. எண்களும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. முன்னுரையும், முக்கிய மாற்றங்களைச் சுருக்கிச் சொல்லும் ஓவர்வியூவும் எப்படியும் வேண்டும். மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

பழைய படத்துக்கு ஒரு பத்தி, புதியதற்கு ஒரு பத்தி என்பது முதல் வழி. பெரிதாக யோசிக்க வேண்டாம். முதல் பத்தி முழுக்க இறந்தகாலம் என்பதால் காலமும் குழம்பாது. 20 நிமிடப் பதற்றத்தில் இது பெரிய ஆறுதல்தான். ஆனால் கேள்வித்தாள் ஒப்பிடச் சொல்கிறது. இந்த வழியில் அந்த வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

ஒரு கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 1995இல் வடக்கே வெறும் புல்வெளி, நடுவில் சிறிய நூலகம், மேற்கே ஆறும் நடைபாலமும். 2020இல் புல்வெளி இருந்த இடத்தில் கார் பார்க்கிங், நூலகம் இருமடங்கு, ஆறும் பாலமும் அப்படியே. படம் படமாக எழுதினால் முதல் பத்தியில் புல்வெளி 'இருந்தது', அடுத்ததில் பார்க்கிங் 'இருந்தது'. ஒன்று மற்றொன்றாக மாறியது என்ற செய்தியே காணாமல் போகிறது. மாறாத ஆற்றையும் பாலத்தையும் இரண்டு தடவை சொல்லி, குறைந்தது எழுத வேண்டிய 150 சொற்களில் ஒரு பங்கை வீணாக்குகிறோம்.

இரண்டு படங்களிலும் ஒரே பகுதியைச் சேர்த்துப் பார்த்து எழுதுவது இரண்டாவது வழி. இப்படிப் பகுதி பகுதியாகப் போனால் வடக்குப் பகுதி ஒரே வாக்கியத்தில் முடியும். 'வாஸ் கன்வர்டட் இன்டு', 'வாஸ் எக்ஸ்டெண்டட்', 'ரிமெய்ன்டு அன்சேஞ்ச்டு' எல்லாம் வலிந்து திணிக்காமலே வந்து விழும். சொல்வளத்துக்கும் இலக்கணத்துக்கும் தலா 25 சதவீத மதிப்பெண் இருக்கும்போது இது சின்ன லாபம் இல்லை. என் ஓட்டு இதற்கே. காலம் கலங்கிவிடும் அபாயம் உண்டு. எழுதத் தொடங்குமுன் இரண்டு படங்களுக்கும் குறுக்கே ஒரே இடத்தில் மனதுக்குள் கோடு போட்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் தாண்டுங்கள்.

போனவை, நின்றவை, வந்தவை என்று பிரிப்போரும் உண்டு. ஓவர்வியூவுக்கு அருமையான வழி. ஆனால் நடுப் பத்திகளில் வடக்கு, மேற்கு என்ற திசை ஒழுங்கு சிதறிவிடும்.

பழையதில் எதுவுமே மிஞ்சாமல் இடமே தலைகீழாகியிருந்தால் மட்டும் முதல் வழி பொருந்தும். அப்போதும் இரண்டாம் பத்தியை 'பை 2020' என்று தொடங்கி, எது இருந்த இடத்தில் எது வந்தது என்பதைத் தொட்டுக்காட்டியபடியே எழுதுங்கள்.